மழைக்காலத்தில் சுட்டி விளக்குகளைக் காய வைப்பது எப்படி? யோசனை சொல்லுங்கள்

வணக்கம். லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) குயவர் சக்கரத்துக்கு இடமில்லை. கையால் கிள்ளிச் செய்யும் சுட்டி விளக்குகள்தான் (சிறு மண் அகல்கள்) செய்கிறோம். ஒரு பலகை, ஒரு வாளி, ஈரத்துணி போதும். விளக்குக்கு 80 கிராம் களிமண், சுவர் 6 மில்லிமீட்டர். களிமண் பத்துப் பங்குக்குச் சலித்த ஆற்று மணல் ஒரு பங்கு. அதனால் சுருக்கம் குறையும்.

சிக்கல் காய்வதில். தென்மேற்குப் பருவமழையில் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்தால் ஒரு வாரமானாலும் அடி ஈரம். அடுப்பருகே வைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து இறுகுகிறது. பிறகு சுருங்கும் அடி நடுவில் வெடிக்கிறது. விளிம்பைப் பொலித்தீனால் மூடி, மண் தோல் பதத்துக்கு (ஈரம் இருந்தாலும் வளையாத அளவு இறுகிய நிலைக்கு) வந்ததும் பழைய பத்திரிகைமேல் கவிழ்த்தால் வெடிப்பு குறைகிறது, ஆனால் நாள் இழுக்கிறது. அவசரப்பட்டுச் சூளையில் வைக்கவும் முடியாது: உள்ளே மிஞ்சிய நீர் 100 பாகை செல்சியஸில் ஆவியாகி விளக்கையே உடைத்துவிடும்.

அடுப்புக்கு மேல் பரணில் காய வைப்பவர்கள் உண்டா? எத்தனை அடி உயரம், புகை பிடிக்காதா?

இன்னொன்று: தகரப் பீப்பாயில் மரத்தூள் போட்டுச் சுட்டவை சில தண்ணீரில் ஊறக் கரைகின்றன. சூடு போதவில்லை என்பது தெளிவு. குறைந்தது 600 பாகையாவது தாண்ட வேண்டும். பீப்பாயில் காற்றுத் துளைகளை எங்கே, எத்தனை போடுகிறீர்கள்? ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் சேர்ந்து சுட இடம் தரக்கூடியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.