'பிஹோல்டன்': நன்றியா, கடனா?

கரிசல்குருவி:
ஆங்கிலத்தில் வழங்கும் 'பிஹோல்டன்' என்ற பழைய சொல்லுக்கு அகராதி 'கடமைப்பட்ட' என்கிறது. ரொம்பக் கறார். 'பிஹோல்ட்' என்றால் பார். கருணையோடு பார்க்கப்பட்டவன், அதனால் நன்றியுள்ளவன். கடன் கணக்கெல்லாம் பிறகு வந்து ஒட்டியது என்பது என் கட்சி.

தெற்குவாசல்:
தப்பு, குருவி. 'ஹோல்ட்', அதாவது பிடி. அதன் முன்னால் 'பி' சேர்ந்தது. ஜெர்மனில் 'பெஹால்டன்' இன்றும் 'வைத்துக்கொள்' தான். பழைய ஆங்கிலத்தில் பிடிப்பது, பார்ப்பது இரண்டுக்கும் அதே சொல் புழங்கியது. கடப்பாடு வந்தது பிடியிலிருந்து. கடமைப்பட்டவன் என்னும் ஆங்கில 'ஒப்ளைஜ்ட்' மட்டும் என்ன? லத்தீனில் கட்டப்பட்டவன். போர்ச்சுகீசியர் நன்றி சொல்லும் 'ஒப்ரிகாடு'வும் அதுவே.

கரிசல்குருவி:
அப்போ லிஸ்பனில் காபி வாங்கிக்கொண்டு ஒப்ரிகாடு சொன்னவனெல்லாம் கடைக்காரனுக்கு அடிமையா? வேர் எதுவானாலும் வாயில் வரும்போது நன்றிதான்.

பனங்கிழங்கு:
நடுவில் நுழைகிறேன். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' என்ற ஆங்கிலக் கவிதையில் இந்தச் சொல் வருகிறது. கோட்டைத் தலைவனின் மனைவி மோதிரம் நீட்டுகிறாள், இடுப்புக் கச்சை நீட்டுகிறாள். அங்கே விருந்தாளியாகத் தங்கிய வீரன் கவெய்ன் இரண்டையும் மறுக்கிறான். மறுத்துவிட்டு, உங்கள் அன்புக்கு மிகவும் பிஹோல்டன், வெயிலானாலும் குளிரானாலும் உங்கள் உண்மைச் சேவகன் என்கிறான்.

கரிசல்குருவி:
பார்த்தீர்களா! கைநீட்டி எதையும் வாங்காதவனுக்கு ஏது கடன்?

தெற்குவாசல்:
'சேவகன்' என்கிறானே, அதை விழுங்கிவிட்டீர்களே! தவிர, உயிரைக் காக்கும் கச்சை என்று அவள் சொன்னதும் வாங்கிக்கொள்கிறான். அதன்பின் பட்டதெல்லாம் அந்தக் கச்சையால்தான்.

பனங்கிழங்கு:
ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சீசரின் நண்பன் ஆண்டனியும் சொல்கிறான், 'பிஹோல்டிங்' என்ற வடிவத்தில். அப்போது அதுவும் இதே பொருளில் வழங்கியது. சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸை முன்னிட்டு உங்களுக்குக் கடமைப்பட்டேன் என்று கூட்டத்திடம் பணிந்து மேடையேறுகிறான். பேசி முடிப்பதற்குள் அதே கூட்டத்தைப் புரூட்டஸ் வீட்டைக் கொளுத்தக் கிளப்பிவிடுகிறான். நன்றியும் இல்லை, கடனும் இல்லை, வெறும் உபசாரம்.

தெற்குவாசல்:
உபசாரத்தை விடுங்கள் ஐயா, இன்றைய வழக்குக்கு வாருங்கள். அமெரிக்கத் தேர்தலில் நிற்பவர் 'நான் யாருக்கும் பிஹோல்டன் இல்லை' என்று மார்தட்டுகிறார். எனக்கு யாரிடமும் நன்றி கிடையாது என்று எவனாவது ஓட்டு கேட்பானா? நன்கொடை கொடுத்தவன் பிடியில் நான் இல்லை என்கிறார். நம் செஞ்சோற்றுக்கடன் மாதிரி.

கரிசல்குருவி:
செஞ்சோற்றுக்கடன் என்றால் கர்ணன். அங்கே நன்றி இல்லையென்று சொல்லிப் பாருங்களேன்! சரி, வேட்பாளருக்கு 'கடமைப்பட்டவர்' என்றே போடுங்கள், தடுக்கவில்லை. கவெய்னுக்கு நான் அப்படி எழுத மாட்டேன்.