புல்லட் சைலன்ஸரில் உரசினால்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காரைக்குடி லேத்து

சித்திரையில் ஒரு நாள் அத்தான் நியூசிலாந்திலிருந்து போன் பண்ணி, "மாப்ளே, புல்லட்டு சைலன்ஸர்ல இடிக்குதுடா" என்றார். கானாடுகாத்தான் வீட்டுக் கொட்டகையில் அவர் விட்டுப்போன 350 சிசி வண்டியைச் சொல்கிறார் என்று நினைத்து, "யாரும் தொடலையே அத்தான், தார்ப்பாய் போட்டு மூடித்தானே கிடக்கு" என்றேன். அவர் சொன்னது நிஜத் தோட்டாவை.

ஒட்டாகோ பக்கத்து ஆட்டுப் பண்ணைகளில் முயலையும் மானையும் சுட்டுக் குறைப்பது அவர் வேலை. அங்கே துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் சப்ரஸர் (சைலன்ஸர் என்கிறோமே, குழல்வாயில் மாட்டும் சத்தம் குறைக்கும் குழாய், அதுதான்) வாங்கத் தனி அனுமதி வேண்டியதில்லை. காதுக்கு நல்லது என்று நிறைய வேட்டைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது.

வைகாசியில் படைப்புக்கு வந்தவர், முகப்பில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரத்தைத் துவையலில் தொட்டுக்கொண்டே போனில் படம் காட்டினார். .308 ரைபிள். சப்ரஸரின் முன்மூடித் துளையில் ஒரே ஒரு கடி, கடிகார முள் ஐந்து மணியைக் காட்டும் இடத்தில். கடித்த இடத்தில் அலுமினியம் பளபளத்தது, அதன் மேல் செம்புக் கீற்று. அதற்கு முந்தைய தடுப்புத் தட்டிலும் (உள்ளே வரிசையாக நிற்கும் துளைத் தட்டுகளில் ஒன்று) அதே ஐந்து மணியில் லேசான தடவல். துப்பாக்கிப் பக்கத்துத் தட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் தோட்டாக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. குண்டு தள்ளாடிப் போனால் அடி கண்ட இடத்திலும் விழும். இங்கே ஒரே பக்கத்தில், வாய்ப்பக்கம் போகப் போகப் பெரிதாகிறது. லேத்தில் இருபது வருஷமாக நிற்கிறவனுக்கு இது எங்கேயோ பார்த்த முகம். லேத்தின் சக்கில், அதாவது பிடியில், வேலைத்துண்டு சாய்ந்து பிடித்திருந்தால், பிடித்த இடத்தில் ஆட்டம் தெரியாது, நுனியில்தான் தெரியும்.

"நூறு மீட்டர் அட்டையில் ஓட்டை எப்படி இருந்தது?" என்றேன். வட்டமாகத்தான் இருந்ததாம், ஆனால் வழக்கமான இடத்தைவிட்டு நாலு விரற்கடை தள்ளி. வட்ட ஓட்டை என்றால் குண்டு நேராகத்தான் போயிருக்கிறது.

மறுநாள் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். 18 மில்லி உருட்டில் முகம் சீவி, 200 மில்லி குழாயை அதன்மேல் மரையில் ஏற்றி, நுனியில் ஆட்டம் அளக்கும் டயல் கேஜ் வைத்தேன். முள் அசையவில்லை. கழற்றி, பில் புத்தகத்துக்கு வாங்கி வைத்த ஏ4 தாளில் நறுக்கென்று ஒரு துண்டு கிழித்து, தோளில் (குழாய் வந்து முட்டி நிற்கும் படியில்) ஒரு பக்கம் மட்டும் வைத்து மறுபடி முறுக்கினேன். தாளின் கனம் 0.1 மில்லி. நுனியில் முள் ஒரு மில்லியைத் தாண்டிவிட்டது. கணக்கும் அதுதான்: 0.1-ஐ 18-ஆல் வகுத்து 200-ஆல் பெருக்கினால் 1.1. அவருடைய சப்ரஸர் துளை 9.1 மில்லி, குண்டு 7.8 மில்லி. சுற்றிலும் மிச்ச இடம் பக்கத்துக்கு 0.65 மில்லிதான். அத்தான் அந்தத் தாள் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் அவர் போனில் இருந்த பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். குழல்வாய்ப் படம் ஒன்றைப் பெரிதாக்கினால், மரையின் அடியில் வளையல் மாதிரி ஒன்று. முன்பு மசில் பிரேக் (உதைப்பைக் குறைக்கும் குழல்வாய்த் துண்டு) மாட்டியிருந்தபோது போட்ட நசுங்கு வாஷர். பிரேக்கைக் கழற்றியவர் அதை அப்படியே விட்டுவிட்டார். அந்த வாஷர் ஒரே சீராக நசுங்காது, ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். பிரேக் குட்டையானது, சமாளித்துக்கொண்டது. சப்ரஸருக்குத் தோள் சுத்தமாக, குழலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், நடுவில் எதுவுமே கூடாது.

நியூசிலாந்துக்குத் திரும்பிப் போய் வாஷரை எடுத்துவிட்டு, குழல் வழியாகச் சப்ரஸருக்குள் அளவுக் கம்பி விட்டுப் பார்த்தார், துளைக்கு நடுவில் நின்றதாம். முன்மூடியைத் தயாரித்தவர்களிடமே மாற்றிக்கொண்டார்.

ஒரு வருத்தம் உண்டு. அடிபட்ட அன்றே எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டார். எத்தனை சுற்று இறுகியிருந்தது, தோளில் கரி ஒட்டியிருந்ததா என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பழைய படம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் மரையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தேவகோட்டை டு டெக்சாஸ்

எனக்கு நேர்மாறாக நடந்தது, அண்ணே. பழைய .223 ரைபிள், குழலின் முறுக்கு (குண்டைச் சுழற்றும் உள்வரிகளின் திருகல்) 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு போட்டவரை பிரச்சினை இல்லை. தூரத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று 75 கிரெய்ன் வாங்கினேன். நீளக் குண்டை நேராகச் சுழற்றி நிறுத்த அந்த முறுக்கு போதாது.

முதல் இரண்டு குண்டு எதிலும் படாமல் போய்விட்டது. மூன்றாவதில் 'டங்' என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் ஒரு தட்டில் இரண்டு மணிப் பக்கம், அடுத்ததில் எட்டு மணிப் பக்கம். நீங்கள் சொன்ன 'கண்ட இடத்தில்' இதுதான். அட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்று ஓட்டையில் இரண்டு சாவித்துவாரம் மாதிரி நீள்சதுரம், குண்டு குறுக்காகப் புகுந்திருக்கிறது.

முதல் இரண்டு ஓட்டையைப் பார்த்திருந்தால் மூன்றாவதைச் சுட்டிருக்கவே மாட்டேன். இப்போதெல்லாம் புதுத் தோட்டா வாங்கினால் முதலில் சப்ரஸர் இல்லாமல் 25 கெஜத்தில் அட்டையில் ஐந்து. ஓட்டை வட்டமா என்று பார்த்த பிறகுதான் மாட்டுவது.

பட்டாளத்து மாமா, பள்ளத்தூர்

தம்பிமார்களுக்கு. நான் 24 வருஷம் ராணுவத்தில் ஆர்மரர், துப்பாக்கி பழுது பார்ப்பவன். சத்தம் மாறினாலோ, அடி விழும் இடம் திடீரென்று நகர்ந்தாலோ, சப்ரஸர் நுனி லேசாக ஆடினாலோ, அடுத்த ரவுண்டு கிடையாது. போல்ட்டை உருவு, அறையைக் கண்ணால் பார், விரலாலும் தடவு. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

லேத்துத் தம்பி, அளவுக் கம்பி பற்றி ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டாய். இரும்புக் கடையில் வாங்கின கம்பியை விட்டுவிட்டு "நடுவில்தான் இருக்கிறது" என்கிற ஆட்களை நிறைய பார்த்திருக்கிறேன். குழலுக்குள் ஆட்டமில்லாமல் வழுக்கிப் போகும் அளவுக்குச் சாணை பிடித்த கம்பி வேண்டும். இளைத்த கம்பி அடியில் படுத்துக்கொள்ளும், நுனி சாயும், நல்ல சப்ரஸரே கோணலாகத் தெரியும். துப்பாக்கியை உருட்டி நாலு நிலையிலும் பார்த்து, கம்பி நாலிலும் ஒரே இடத்தில் நின்றால் நம்பு.

இன்னொன்று. அடி ஒரே பக்கம் என்றால் கோளாறு குழலிலா சப்ரஸரிலா? அதே மரை உள்ள வேறொரு நல்ல ரைபிளில் மாட்டி, சுடாமல், கம்பி மட்டும் விட்டுப் பார். கோணல் கூடவே போனால் சப்ரஸர். போகவில்லை என்றால் குழலின் மரை அல்லது தோள்.

காரைக்குடி லேத்து

சரி மாமா, ஒப்புக்கொள்கிறேன். அத்தானிடம் என்ன கம்பி என்று கேட்டேன். தயாரித்தவர்களே .308-க்கென்று விற்கும் .30 கம்பிதானாம், தப்பித்தோம்.

கோட்டையூர் அப்பா

எங்கள் கதை சின்னது. மகள் 4.5 மில்லி ஏர் ரைபிள் பழகுகிறாள். ஒரு வாரமாகப் புள்ளி இடப்பக்கம் கீழேயே விழுந்தது. மூச்சு சரியில்லை, விசை இழுப்பு சரியில்லை என்று கோச் அவளைப் பாடாய்ப்படுத்தினார். பிள்ளை சாப்பிடாமல் அழுதாள்.

நீங்கள் ஐந்து மணி என்று எழுதியதைப் படித்துவிட்டு, நேற்று ராத்திரி குழல்வாயில் மாட்டியிருக்கும் எடைக் குழாயின் உள்விளிம்பில் காது குடையும் பஞ்சுக் குச்சியை மெல்ல ஒரு சுற்று விட்டேன். எங்கும் வெள்ளை. ஒரு இடத்தில் மட்டும் பென்சில் கரி மாதிரி ஈயப் பூச்சு. குழாயைப் பிடிக்கும் சின்ன கிரப் திருகை யாரோ அளவுக்கு மீறி முறுக்கி, குழாய் சாய்ந்திருக்கிறது. பெல்லட் ஒவ்வொன்றும் அதில் உரசிக்கொண்டு போயிருக்கிறது. தளர்த்தி, நேராக்கி, பதமாக இறுக்கினேன். காலையில் பத்தில் எட்டு நடுவில். கோச்சிடம் அந்தக் குச்சியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பேசாமல் வாங்கிப் பார்த்தார்.

புதுவயல் பொடியன்

அண்ணே, வளவில் ஐயா காலத்து இரட்டைக்குழல் ஒன்று லைசென்ஸோடு இருக்கிறது. உங்க லேத்தில் அதுக்கு ஒண்ணு போட்டுத் தருவீங்களா? சும்மா கேட்டேன்.

காரைக்குடி லேத்து

சும்மாகூடக் கேட்காதே தம்பி. 1959 ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும் சத்தம் குறைக்கும் கருவியைத் தடை செய்த வகையில்தான் வைத்திருக்கின்றன. ஐயா துப்பாக்கியைத் தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைத்து, ரசீது வாங்கி, திரும்ப எடுத்து வந்தாலே பெரிய காரியம். என் பட்டறையில் தண்ணி மோட்டார் ஷாஃப்ட்டும் செக்கு உலக்கையும்தான்.

பட்டாளத்து மாமா, பள்ளத்தூர்

கோட்டையூர்க்காரரே, அந்தத் திருகுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் குழலிலும் குழாயிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிடுங்கள். நகர்ந்தால் பாப்பாவே பார்த்துக்கொள்ளும்.

கோட்டையூர் அப்பா

போட்டாயிற்று மாமா. நெயில் பாலிஷ், சிவப்பு. அவளே போட்டாள்.