சத்தம் என்றால் எந்தச் சத்தம்?

சேலத்தில் மனநலப் பிரிவில் செவிலியராக இருந்தபோது நடந்தது. இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து ஓர் அம்மா வந்தார். 2006-இல் மன்னாரிலிருந்து படகேறியவர். "சத்தம் கேட்கிறது" என்றார். நான் சீட்டில் 'குரல் கேட்கிறது' என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லில் அவர் மனச்சிதைவு நோயாளி ஆகிவிட்டார். ஐந்து மாதம் மாத்திரை. கை நடுக்கம்தான் மிச்சம்.

ஒருநாள் அவர் கணவர் பேச்சுவாக்கில், "பகல் ஒரு மணிக்குத்தான் வரும், ஞாயிற்றுக்கிழமை வராது" என்றார். ஞாயிறு விடுப்பு எடுக்கும் பிரமை உண்டா? அது கல் குவாரியில் வெடி வைக்கும் நேரம். வெடித்ததும் பேரனை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்துவிடுவாராம். வாயைத் திறந்து வைத்திரு என்று குழந்தையை அதட்டுவாராம். ஷெல்லடியில் செவிப்பறை கிழியாமலிருக்க அங்கே பழகியது அது. பிறகுதான் மருத்துவர் கெட்ட கனவு, திடுக்கிடல் எல்லாவற்றையும் விசாரித்து, போர் அதிர்ச்சியின் பின்விளைவு என்று மாற்றி எழுதினார்.

*

நான் களப்பணியாளர். பேனாவை எடுத்தால் முகாமில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பதிவேட்டில் பெயர் கூப்பிட்டு எண்ணப்பட்டே பழகியவர்கள். அதையும் 'சந்தேக நோய்' என்று குறித்த சீட்டைப் பார்த்திருக்கிறேன். பலர் மனது என்றே சொல்வதில்லை. நெஞ்சு அடைக்கிறது, பெருமூச்சு வருகிறது என்பார்கள். இசிஜி எடுத்து அனுப்பிவிடுகிறோம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊருமே காயப்படுகின்றன என்று எழுதியிருக்கிறார். ஆகவே நோயைக் கேட்குமுன் "வீட்டில் யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்பேன். பதில் வர ஒரு மணி நேரம்கூட ஆகும்.

*

நான் முகாமில் பிறந்தவன். ஷெல்லைக் கண்ணால் பார்த்ததில்லை. தூக்கமில்லை என்று போனால், முகவரியைப் பார்த்ததுமே 'போர் பாதிப்பு' என்கிறார்கள். பிறந்த மண்ணில் எனக்குக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் எங்களுக்கு இடமில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் கைக்கு வந்த வேலை போனது. இதற்கு என்ன மாத்திரை? போன வருடம் ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு பெயின்ட் அடிக்க அனுமதி வாங்கிப் போய் எட்டு நாள் தங்கினேன். எட்டு நாளும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். எங்கே தூக்கம் வருகிறது என்று எந்த டாக்டரும் இதுவரை என்னைக் கேட்கவில்லை.