விஸ்டம் டூத் எடுத்த இடத்தில் வலி தாங்கவில்லை, யாராவது உடனே சொல்லுங்க

ஓசூர்_மணி | ஞாயிறு, இரவு 10:52
விஸ்டம் டூத் எடுத்தேன். வலி உயிர் போகிறது. காது, நெற்றிப்பொட்டு வரைக்கும் இழுக்கிறது. மாத்திரை போட்டும் கேட்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் குழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. வாயும் நாறுகிறது. டாக்டர் போனை எடுக்கவில்லை. காலையில் ஷிப்ட் வேறு. என்ன செய்வது, சீக்கிரம் சொல்லுங்க.

தேவகி_சே | இரவு 10:58
மேல் பல்லா, கீழ்ப் பல்லா? என்றைக்கு எடுத்தார்கள்? காய்ச்சல் இருக்கிறதா?

பாட்டிவழி | இரவு 11:01
கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வைத்து நன்றாக அழுத்திக் கடிக்கவும். ஐந்து நிமிடத்தில் வலி அடங்கும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான். தினமும் நல்லெண்ணெய் கொப்பளித்திருந்தால் பல்லையே எடுக்க வேண்டி வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஆவணி_ராமன் (மூத்த உறுப்பினர்) | இரவு 11:06
"விஸ்டம் டூத் எடுத்தேன்" என்றால் நாலில் எது? சும்மா பிடுங்கினாரா, ஈறை வெட்டி எலும்பைச் செதுக்கி எடுத்தாரா? என்ன மாத்திரை? எத்தனை வேளை? ஒன்றும் சொல்லாமல் "சீக்கிரம் சொல்லுங்க" என்றால் இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஜோசியம் பார்க்க வேண்டியதுதான். கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது தம்பி. முகப்பில் எழுதி வைத்திருக்கிறோம், ஒருவரும் படிப்பதில்லை.

போகட்டும். வெள்ளையாக இருக்கிறது, நாறுகிறது என்றால் அது சீழ். ஆன்டிபயாட்டிக் போட வேண்டும்: அமாக்சிசிலின் 500, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள். முடிந்தது கதை.

வாய்தாடை_பிஜி | இரவு 11:15
ராமன் சார், பார்க்காமல் அமாக்சிசிலின் சொல்லாதீர்கள். பல் எடுத்த குழியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் வருவது சகஜம். ரத்தக்கட்டியின் மேல் படியும் ஃபைப்ரின் அது. தோலில் ஏற்பட்ட காயம் ஆறும்போது பொருக்குக் கட்டுகிறதே, அதுவே எச்சில் ஊறும் இடத்தில் இப்படி வெள்ளையாக நிற்கும். சீழ் என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு வருகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறோம்.

மணி, இவற்றுக்கு முதலில் பதில் சொல்லுங்கள். எச்சில் விழுங்க முடிகிறதா? நாக்குக்கு அடியில் அல்லது தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் கெட்டியான வீக்கம் இருக்கிறதா? குரல் மாறியிருக்கிறதா? மூச்சு விடச் சிரமமா? குளிர்க் காய்ச்சல்? இதில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள். தொற்று கழுத்துப் பக்கம் இறங்கினால் சில மணி நேரத்தில் மூச்சுக்குழாயை நெருக்கிவிடும். அதற்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது.

எதுவும் இல்லையென்றால் அடுத்த கேள்வி: வலி முதல் நாளிலிருந்தே இப்படியா, இல்லை, நடுவில் குறைந்து மறுபடி ஏறியதா? அப்புறம், சிகரெட் உண்டா?

ஓசூர்_மணி | இரவு 11:24
காய்ச்சல் இல்லை. விழுங்க முடிகிறது, மூச்சும் சரியாக இருக்கிறது. வலது பக்கம் கீழே. வியாழக்கிழமை எடுத்தார். பல் படுத்த மாதிரி இருந்ததாம், வெட்டித்தான் எடுத்தார். தையல் இருக்கிறது. வெள்ளி அன்று கன்னம் வீங்கியது, நேற்று பரவாயில்லை, சாதம்கூடச் சாப்பிட்டேன். இன்று மதியத்திலிருந்துதான் இந்த வலி.

தேவகி_சே | இரவு 11:27
இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினீர்களா? என் அக்கா பையனுக்கு அப்படித்தான் ஆயிற்று.

வாய்தாடை_பிஜி | இரவு 11:35
அப்படியானால் கதை ட்ரை சாக்கெட் பக்கம்தான் போகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கீழ்ப் பல், வெட்டி எடுத்தது, நடுவில் குறைந்து மூன்றாம் நான்காம் நாளில் ஏறிய வலி, காதுக்கு இழுப்பது, நாற்றம், எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன.

பல் எடுத்ததும் குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்க வேண்டும். அது சீக்கிரமே கரைந்துவிட்டாலோ கழன்றுவிட்டாலோ உள்ளே இருக்கும் எலும்பு வெளியே தெரியும், அதுதான் ட்ரை சாக்கெட். காற்று பட்டாலும் தண்ணீர் பட்டாலும் வலிக்கும். உங்களுக்குத் தெரியும் வெள்ளை, படலமாக இல்லாமல் எலும்பாகக்கூட இருக்கலாம். தாடைக்கும் காதுப் பக்கத்துக்கும் போவது ஒரே நரம்பின் கிளைகள், அதனால்தான் காது வலிப்பது போலத் தோன்றுகிறது. சாதாரணமாகப் பிடுங்கும் பற்களில் இது நூற்றுக்கு ஐந்து பேருக்கு வந்தாலே அதிகம். கீழ்க் கடைவாயில் வெட்டி எடுக்கும் ஞானப்பல்லில் அதைப்போலப் பல மடங்கு.

இது தொற்று இல்லை, ஆன்டிபயாட்டிக் இதற்கு வேலை செய்யாது. டாக்டர் குழியை உப்பு நீரால் கழுவி, யூஜினால் கலந்த மருந்தை உள்ளே வைப்பார். பலருக்கு வைத்த கொஞ்ச நேரத்திலேயே வலி இறங்கும். நாளைக் காலை முதல் வேலையாக அங்கே போங்கள்.

இன்றிரவுக்கு: வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர், அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையை மெதுவாகச் சாய்த்துப் பிறகு வழியவிடுங்கள். வேகமாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டாம். தலையணையை உயர்த்திப் படுங்கள்.

சிகரெட் உண்டா என்று கேட்டேன்.

பாட்டிவழி | இரவு 11:41
யூஜினால் என்பது கிராம்பில் இருப்பதுதானே? நான் சொன்னபோது நாட்டு வைத்தியம், நீங்கள் சொன்னால் விஞ்ஞானமா?

வாய்தாடை_பிஜி | இரவு 11:46
கிராம்பில் இருப்பதுதான், மறுக்கவில்லை. அளவும் வைக்கிற விதமும்தான் வித்தியாசம். கடை எண்ணெயை நேரடியாகத் திறந்த எலும்பிலும் ஈறிலும் அழுத்தினால் சதை வெந்துவிடும். பஞ்சு நூல் உள்ளே சிக்கினால் அது தனித் தலைவலி. அதனால் வேண்டாம்.

மருந்தாளர்_செல்வி | இரவு 11:49
இதுவரை யாரும் மாத்திரைப் பெயரை வாங்கவில்லை. மணி, இன்றைக்கு என்னென்ன போட்டீர்கள்? அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.

ஓசூர்_மணி | இரவு 11:58
டாக்டர் தந்தது சீரோடால் எஸ்பி காலை, இரவு. ஆக்மென்டின் 625 இரண்டு வேளை. மெட்ரோஜில் 400 மூன்று வேளை. அதில் கேட்காததால் ரூம் நண்பன் காம்பிஃப்ளாம் கொடுத்தான், மதியத்திலிருந்து மூன்று. டோலோ 650 இன்றைக்கு நாலு.

மருந்தாளர்_செல்வி | திங்கள், நள்ளிரவு 12:10
நல்ல வேளை கேட்டேன். சீரோடால் எஸ்பியில் 325 மி.கி. பாராசிட்டமால் உண்டு. காம்பிஃப்ளாமிலும் 325 உண்டு. டோலோ முழுக்க அதுதான். கூட்டிப் பாருங்கள்: 650, 975, 2600. மொத்தம் 4225. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4000 தாண்டக் கூடாது, ஈரல் தாங்காது. வேறு வேறு பெயர் என்பதால் வேறு வேறு மருந்து என்று நினைத்துவிடுகிறார்கள்.

அதைவிட எனக்குக் கவலை, சீரோடாலில் உள்ள அசிக்ளோஃபினாக்கும் காம்பிஃப்ளாமில் உள்ள இபுப்ரோஃபெனும். இரண்டும் ஒரே குடும்பம். சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடும். இன்றிரவு இனி வலி மாத்திரை எதுவும் வேண்டாம். காம்பிஃப்ளாமை நண்பனிடமே திருப்பிக் கொடுங்கள். காலையில் டாக்டரிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள். வாந்தி, கறுப்பாக மலம், வயிற்று வலி வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆக்மென்டினுக்குள்ளேயே அமாக்சிசிலின் இருக்கிறது. ராமன் சார் சொன்னதைக் கேட்டிருந்தால் அதுவும் இரட்டிப்பாகியிருக்கும். மெட்ரோஜில் முடிந்து இரண்டு மூன்று நாள் ஆகும் வரை மது தொடக்கூடாது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆவணி_ராமன் | நள்ளிரவு 12:16
அவர் மருந்துப் பட்டியலை முதல் பதிவிலேயே கொடுத்திருந்தால் நான் ஏன் அமாக்சிசிலின் என்று சொல்லப் போகிறேன்? என் முதல் வரியே "என்ன மாத்திரை" என்பதுதான். மேலே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

ஈஸ்ட்ஹாம்_குமரன் | அதிகாலை 3:20
இப்பதான் பாத்தன். நான் லண்டனில இருக்கிறன். இந்தப் பல்லை ஏன் எடுக்கவேணும் எண்டதுதான் முதல் கேள்வி. இங்கை 2000ஆம் ஆண்டே நைஸ் எண்ட மருத்துவ வழிகாட்டி அமைப்பு சொல்லிப்போட்டுது, நோய் இல்லாத புதைஞ்ச ஞானப்பல்லைச் சும்மா எடுக்கக் கூடாது எண்டு. இந்தியாவில பல்லு சாய்ஞ்சிருக்கு எண்டாலே எடுத்துப்போடுகினம்.

ஆவணி_ராமன் | திங்கள், காலை 6:05
அங்கே அரசு செலவில் எடுக்கிறார்கள், அதனால் குறைத்துச் சொல்கிறார்கள். எடுக்காமல் விட்டு, முன்னால் இருக்கும் நல்ல கடைவாய்ப்பல் பின்பக்கமாகச் சொத்தையாகி இரண்டும் போகிறது என்று உங்கள் ஊர்ப் பல் டாக்டர்களே குறைபடுகிறார்கள். இந்த வழிகாட்டுதலை வேதவாக்காகத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம்_குமரன் | காலை 6:31
நான் வேதவாக்கு எண்டு சொல்லேல்லையே. நோய் இருந்தா எடுக்கலாம் எண்டுதான் அதிலயும் இருக்கு.

வாய்தாடை_பிஜி | காலை 6:50
இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள். பல்லை மூடிய ஈறு ஒரு தடவை லேசாக வீங்கினால் எடுக்க வேண்டியதில்லை, திரும்பத் திரும்ப வந்தால் எடுக்கலாம் என்பது நைஸும் ஏற்றுக்கொண்டதுதான். சொத்தை, நீர்க்கட்டி, பக்கத்துப் பல் அரிப்பு எல்லாம் அதே கணக்கு. மணிக்கு எதற்காக எடுத்தார்கள் என்று அவர் சொல்லவேயில்லை. எப்படியும் பல் போய்விட்டது. இப்போது குழியைப் பார்ப்போம்.

தேவகி_சே | காலை 7:12
மணி, சாப்பாடு எப்படி? இரண்டு நாளைக்குத் தயிர்சாதம் குழைத்துச் சாப்பிடுங்கள், எரிச்சல் இருக்காது.

பாட்டிவழி | காலை 7:20
புண் இருக்கும்போது தயிரா? சளி பிடித்து நீர் கோத்துக்கொள்ளும். மிளகு ரசம் கொடுங்கள்.

ஆவணி_ராமன் | காலை 7:26
மிளகு ரசமா! திறந்த எலும்பில்! ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்லுங்கள், உலகம் முழுக்க அதுதான் சொல்கிறார்கள்.

பாட்டிவழி | காலை 7:29
உலகம் முழுக்கச் சொன்னால் சரியாகிவிடுமா? ஐஸ்கிரீம் கம்பெனிக்காரனும் உலகத்தில்தான் இருக்கிறான்.

வாய்தாடை_பிஜி | காலை 7:48
தயிரால் ஒரு கெடுதலும் இல்லை. தாளித்துக் கொட்டாதீர்கள், அவ்வளவுதான். கடுகு குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எளிதில் வராது. ரவை, எள், மிளகுத் திப்பிக்கும் இதே கதி. ஐஸ்கிரீம் முதல் ஒன்றிரண்டு நாளுக்கு நல்லது, இப்போது கட்டாயமில்லை. ஐஸ் ஒத்தடமும் முதல் இரண்டு நாளுக்குத்தான், அதற்குப் பிறகு தாடை இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

குழம்பிய_கோபி | காலை 9:15
இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். எனக்குப் போன மாதம் கீழே இடது பக்கம் எடுத்தார்கள். வலி ஒன்றும் இல்லை. ஆனால் கீழுதட்டின் பாதியும் தாடை நுனியும் இன்னும் மரத்தே இருக்கிறது. சவரம் செய்யும்போது தெரியவே மாட்டேன் என்கிறது. இது சரியாகுமா?

ஆவணி_ராமன் | காலை 9:20
புது இழை தொடங்கவும்.

வாய்தாடை_பிஜி | காலை 9:40
மரப்பு ஊசி சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். இவ்வளவு நாள் நீடித்தால் தாடைக்குள் ஓடும் நரம்பு நசுங்கியோ இழுபட்டோ இருக்கலாம். கீழ் ஞானப்பல்லின் வேர் அதை ஒட்டியே இருக்கும், எடுப்பதற்கு முன் எடுத்த ஓபிஜி எக்ஸ்ரேயில் (முழுத் தாடையையும் காட்டும் படம்) தெரியும். பெரும்பாலானோருக்குச் சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் உணர்வு திரும்புகிறது. எறும்பு ஊறுவது போல இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் எடுத்த டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள், மரத்த இடத்தை அளந்து குறித்து வைப்பார். குறையாமலே இருந்தாலோ சுரீரென்று வலி தொடங்கினாலோ வாய்முகத்தாடை அறுவை நிபுணரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். உதட்டைத் தெரியாமல் கடித்துக்கொள்ளாமல், சூடான டீயில் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது இழையில் எக்ஸ்ரே விவரத்தோடு எழுதினால் மற்றவர்களும் பார்ப்பார்கள்.

மருந்தாளர்_செல்வி | மதியம் 1:05
மணி எங்கே? போனாரா இல்லையா? அந்த டாக்டர் இன்னும் எடுக்கவில்லையென்றால் பெங்களூரில் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.

ஓசூர்_மணி | திங்கள், இரவு 8:17
போய் வந்தேன். ட்ரை சாக்கெட்தானாம். கழுவி ஏதோ மருந்து வைத்தார், வாயெல்லாம் கிராம்பு வாசனை. வலி முக்கால்வாசி இல்லை. காம்பிஃப்ளாமை நிறுத்தச் சொன்னார். எல்லோருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

பாட்டிவழி | இரவு 8:20
கிராம்பு வாசனை. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாய்தாடை_பிஜி | இரவு 9:02
நல்லது. ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: வைத்தது தானாகக் கரைகிற மருந்தா, மருந்து தோய்த்த துணியா? துணியென்றால் அதை மறக்காமல் போய் எடுத்துவிட்டு மாற்ற வேண்டும், உள்ளேயே விட்டுவிட்டால் குழி ஆறாது. தையல் தானாகக் கரைவதா, பிரிக்க வேண்டியதா? பட்டு நூல் என்றால் ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். சிகரெட் பற்றி இன்னும் பதில் இல்லை.

தேவகி_சே | புதன், மாலை 6:40
மணி?

ஆவணி_ராமன் | புதன், இரவு 9:11
வலி போனதும் ஆள் போய்விடுவார். இங்கே எப்போதும் நடப்பதுதான். கோபி, உங்களுக்குப் புது இழை தொடங்கச் சொல்லியிருந்தேன், இன்னும் காணோம்.