புரூகல் படத்தில் அந்தக் கதவு எதற்கு?

கேள்வி:
பீட்டர் புரூகல் 1565-ல் வரைந்த பனிச்சறுக்கு ஓவியத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் ஒரு பழைய கதவைக் குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறது, சுற்றிலும் குருவிகள். என்ன அது?

பதில் 1:
பொறிங்க. குச்சியில் கட்டிய கயிறு எங்கே போகிறது என்று பாருங்கள், பக்கத்து வீட்டின் இருட்டு ஜன்னலுக்குத்தான். சுண்டி இழுத்தால் கதவு தொப்பென்று விழும், அடியில் மேய்கிற குருவிகள் காலி. இழுக்கிற ஆள் மட்டும் கண்ணில் படமாட்டான். எனக்கு வயிற்றைக் கலக்குவதே அதுதான்.

பதில் 2:
உறைந்த ஆற்றில் சறுக்குகிறவர்களும் அந்தக் குருவிகள் மாதிரிதான், காலுக்கடியில் பனி எப்போது உடையும் என்று அவர்களுக்கும் தெரியாது என்பது பலர் சொல்லும் விளக்கம். முன்கிளையில் இருக்கும் பறவையும் தூரத்து மனிதர்களும் ஏறக்குறைய ஒரே அளவு, கவனித்தீர்களா?

பதில் 3:
சரி, எல்லாவற்றுக்கும் உள்ளர்த்தம் தேடணுமா? குருவி பிடித்துத் தின்ற ஊர், அதை வரைந்தார். அப்புறம் அவர் மகனும் மற்றவர்களும் எடுத்த பிரதிகளே நூற்றுக்கு மேல். வாங்கியவர்களில் பாதிப் பேர் பனி அழகுக்காகத்தான் மாட்டியிருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
கயிறு தெரிந்துவிட்டது. இப்போது அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.