மறு: பேக்அப் குவார்ட்டர்பேக் – காப்பா, மாற்றா, இருப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியலில், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு 'ஏவுநர்' என்று வந்த பரிந்துரையை முழுமனதாக ஏற்கிறேன். அந்த ஆட்டக்காரர் செய்வது இரண்டு வேலை. சக வீரர்களுக்குக் கட்டளை இடுகிறார், பந்தை எறிகிறார். ஏவுதல் என்ற ஒரே வினையில் இரண்டு பொருளும் இருக்கின்றன. 'ஏவல்' என்றாலே பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தயங்கியிருந்தார். ஏவுகணை, ஏவுதளம் என்றெல்லாம் நாளிதழில் படிக்கிறோம், அப்போது யாருக்கும் சூனியம் நினைவுக்கு வருவதில்லை. இயக்குநர், ஓட்டுநர் வரிசையில் ஏவுநரும் பொருந்திவிடும்.

சிக்கல், முதன்மை ஏவுநர் ஆட முடியாதபோது இறங்கும் பேக்அப்புக்கு என்ன சொல் என்பதில்தான். நண்பர் ஒருவர் எழுதியது:

> கணினித் தமிழில் பேக்அப்புக்குக் காப்பு என்றுதான் புழங்குகிறது. 'காப்பு ஏவுநர்' என்றே வைத்துவிடலாமே? தோற்றால் அவரைத்தானே கேட்க வேண்டும்?

இந்தக் கடைசிக் கேள்விக்காகவே அந்தப் பரிந்துரையை மறுக்கிறேன். காப்புப் பிரதி என்பது மூலத்தின் அச்சு அசல் நகல். மூலம் அழிந்தால் அதை எடுத்துப் போட்டு வேலையைத் தொடரலாம். தொடர முடியாவிட்டால் நகலில்தான் கோளாறு. இந்தச் சொல்லை ஓர் ஆளுக்கு வைத்தால், ஆட்டத்தைப் பார்க்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறோம்.

பேக்அப் எப்படிப் பயிற்சி பெறுகிறார் என்று பாருங்கள். என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. புதன், வியாழன், வெள்ளி பயிற்சி. முதல் அணியோடு சேர்ந்து ஒத்திகை பார்ப்பது அநேகமாக முதன்மை ஏவுநர் மட்டுமே. அடுத்த நிலையில் இருப்பவர், அந்த வாரம் வரப்போகும் எதிரணியின் ஏவுநராக நடிக்கிறார். உதவிப் பயிற்சியாளர் ஒருவர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். எதிரணியின் நகர்வு அதில் கோடும் வட்டமுமாக வரைந்திருக்கும். அதைப் பார்த்து, அவர்களைப் போலவே இவர் எறிவார், தன் அணியின் தடுப்பாளர்கள் பழகிக்கொள்ள வேண்டுமே என்று. ஞாயிறன்று முதன்மை ஏவுநர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் உள்ளே போகிறவர் இவர்தான். வாரம் முழுக்க இவர் ஒத்திகை பார்த்ததோ எதிரணியின் ஆட்டத்தை.

களத்தில் ஏவுநரின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும். ஆனால் அடுத்த நகர்வைத் தொடங்கத் தரும் 40 நொடிக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அதன் பிறகு எதிரே நிற்கும் தடுப்பு வரிசையைப் படித்து, தேவைப்பட்டால் சொன்ன திட்டத்தையே மாற்றுவது அவர் ஒருவர் பொறுப்பு. அந்த 15 நொடியை ஏட்டில் படித்துக் கற்க முடியாது. தன் அணியோடு திரும்பத் திரும்ப நின்று பழகித்தான் வரும். அந்த வாய்ப்பை யாருக்கு எத்தனை முறை கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் பயிற்சியாளர்.

இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். 1998இல் அதன் முதன்மை ஏவுநராக வந்த பெய்டன் மானிங் 2010 வரை ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. 2009 டிசம்பரில் அதுவரை ஆடிய 14 ஆட்டங்களையும் வென்றிருந்த நிலையில் நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக 15-10 என்று முன்னிலை. மூன்றாம் கால் பகுதியில் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் கால்ட்வெல், மானிங்கை உட்காரவைத்து பேக்அப்பான முதல் ஆண்டு வீரர் கர்ட்டிஸ் பெயின்டரை அனுப்பினார். சற்று நேரத்தில் பெயின்டர் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்து ஜெட்ஸ் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் பெறும் புள்ளி) எடுத்தது. 29-15 தோல்வி. பந்தை விட்டவர் பெயின்டர், சரி. ஆனால் வெல்லக்கூடிய ஆட்டத்தில் அனுபவமே இல்லாதவரை இறக்கியது யார்?

2011இல் மானிங்கின் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் ஆடமாட்டார் என்ற அச்சம் வலுத்தபோது, பெயின்டர் கையிலேயே இருந்தும், ஓய்வு பெற்றிருந்த 38 வயது ஏவுநர் கெரி காலின்ஸை ஆகஸ்ட் கடைசியில் அழைத்து வந்தார்கள். செப்டம்பர் 11 அன்று முதல் ஆட்டம். ஹூஸ்டனிடம் 34-7 என்று தோல்வி. பிறகு பெயின்டர், அப்புறம் டான் ஒர்லாவ்ஸ்கி. முந்தைய ஆண்டு 10 வெற்றி, 6 தோல்வி என்று முடித்த அணி 2 வெற்றி, 14 தோல்விக்குப் போனது. நடுவில் நியூ ஆர்லியன்ஸிடம் 62-7 என்று ஒரு தோல்வி. எதிரணி தாக்கும்போது ஏவுநர் களத்திலேயே இருப்பதில்லை, அந்த 62 புள்ளியில் பெரும்பகுதியை அவர் தலையில் எப்படிக் கட்டுவது? சீசன் முடிந்ததும் கால்ட்வெல் நீக்கப்பட்டார். மூன்று பேரை மாற்றிப் பார்த்தும் அணி தேறவில்லை என்றால் குறை மூவருக்கும் மேலே இருக்கிறது என்பது என் கருத்து.

எதிர்ப்பக்கம் பிலடெல்பியா ஈகிள்ஸ். 2017 டிசம்பரில் முதன்மை ஏவுநர் கார்சன் வென்ட்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. பேக்அப் நிக் ஃபோல்ஸ் வந்தார். லீக் சுற்றின் கடைசி ஆட்டங்களில் அவர் தடுமாறினார். பயிற்சியாளர்கள் வென்ட்ஸுக்காகத் தைத்த திட்டத்தை இவர்மேல் போர்த்தவில்லை. ஃபோல்ஸுக்கு எது கைவருமோ, ஓட்டமா எறிதலா என்று அந்த நொடியில் முடிவெடுக்கும் ஆட்டமுறை போன்றவற்றை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2018 பிப்ரவரி 4 அன்று லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் பேட்ரியாட்ஸை 41-33 என்று வென்றார்கள். ஃபோல்ஸ்தான் ஆட்டநாயகன். அவரைத் தயார்செய்த தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சன், தாம் ஆடிய நாளில் ஏவுநர் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் பேக்அப்பாகக் காத்திருந்தவர். தாக்குதல் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக், அதேபோல் ஏவுநர் ஜிம் கெல்லிக்குப் பின்னால் காத்திருந்தவர், 1993 ஜனவரியில் 32 புள்ளி பின்தங்கிய ஆட்டத்தை மீட்டு வென்றவர். இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தேவை என்று இருவருக்குமே உள்ளூரத் தெரியும்.

'மாற்று ஏவுநர்' என்ற பரிந்துரையும் எனக்கு ஒப்பவில்லை. மாற்று வீரர் என்றால் சாக்கரில் 70ஆவது நிமிடத்தில் திட்டமிட்டு இறக்கப்படுபவர் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

என் முன்மொழிவு 'இருப்பு ஏவுநர்'. இருப்பில் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு இருப்பு வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். மனிதரைச் சரக்காக்குகிறது என்று ஆட்சேபம் வரலாம். ஆனால் அவர் சம்பளம் வாங்குவதே தேவைப்படும் நாளில் இருப்பதற்காகத்தான். சொல் அவரை இழிவாக்கவில்லை, அவரைப் பேணும் கடமை யாருடையது என்று காட்டுகிறது.

அதற்காக ஆட்டக்காரருக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆள் தெளிவாக நிற்கும்போது தவறவிடுவதும், மூன்று பேர் சூழ்ந்த இடத்தில் பந்தை எறிவதும் அவர் பிழைதான். அதனால்தான் தோல்வியைப் பேச இரண்டு சொல் வேண்டும் என்கிறேன். ஆட்டக்காரர் களத்தில் செய்வது 'கைப்பிழை'. பயிற்சி, திட்டம், ஆள் தெரிவு இவற்றில் விட்டது 'ஆயத்தக் குறை'. ஜெட்ஸ் ஆட்டத்தில் பெயின்டருடையது கைப்பிழை, கால்ட்வெல்லுடையது ஆயத்தக் குறை. எது பெரிது என்று அதன்பிறகு சண்டை போடலாம். நான் இரண்டாவதன் பக்கம்.

எதிரணியாக நடித்துப் பழக்கும் குழுவுக்கு 'பாவனை அணி' சரிவரும் என்று நினைக்கிறேன். ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆள், அடுத்த ஆள் என்று வரிசைப்படுத்தும் டெப்த் சார்ட்டுக்கு 'வரிசைப் பட்டியல்' என்று எழுதிப் பார்த்தேன், மிகப் பொதுவாக இருக்கிறது. 'நிலைவரிசை' எப்படி? மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் ஐந்தையும் சேர்த்தே சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்