மறு: நேக்கருக்கு 'முத்தேடு' சரியாக வருமா?

நண்பர்களே,

சிப்பி ஓட்டின் உட்புறத்தில் முத்துப்போலப் பளபளக்கும் அடுக்கான நேக்கருக்கு (nacre, mother-of-pearl) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசி வருகிறோம். சொல்லப்பட்ட பெயர்களில் 'முத்துத்தாய்' வேண்டாம் என்றே நினைக்கிறேன். நேக்கர் முத்தைப் பெறுவதில்லை. சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மேன்டில் திசுதான் ஓட்டின் உட்புறத்தில் நேக்கரைப் படியவைக்கிறது. அதே திசுவின் செல்கள் உடலுக்குள் ஒரு பையாகச் சூழ்ந்துகொண்டால் அங்கே முத்து விளைகிறது. இரண்டுக்கும் தாய் மேன்டில்தான்.

'சங்கொளி' அழகான சொல், ஆனால் பொருந்தாது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பியும் சங்கும் சேர்ந்தே கிடைத்தாலும், சங்கின் ஓட்டில் நேக்கர் கிடையாது. 'முத்தடுக்கு' என்றால் மூன்றடுக்கு என்று காதில் விழுகிறது. முத்துச்சிப்பி ஓட்டில் மெய்யாகவே மூன்று அடுக்குகள் (வெளித்தோல், கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவமான கால்சைட்டின் பட்டகங்கள், நேக்கர்) இருப்பதால் மாணவர்கள் கட்டாயம் குழம்புவார்கள்.

அது உருவாகும் விதத்திலிருந்தே பெயரை எடுக்கலாமே! கைட்டினும் (பூச்சிகளின் மேலோட்டில் இருக்கும் கரிமப் பொருள்) புரதங்களும் சேர்ந்த மெல்லிய படலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விரிகின்றன. அவற்றுக்கு நடுவே கால்சியம் கார்பனேட், அரகோனைட் என்ற இன்னொரு வடிவப் படிகமாக வளர்கிறது. மேல்படலத்தைத் தொட்டதும் உயர இடமில்லாமல் பக்கவாட்டில் பரவி, அடுத்த தகட்டை முட்டியதும் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தகடும் 5 முதல் 15 மைக்ரோமீட்டர் அகலம். தடிமனோ அரை மைக்ரோமீட்டர்தான். இது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவு. அதனால்தான் எந்தச் சாயமும் இல்லாமல் அத்தனை நிறம்! எடையில் ஏறக்குறைய 95 விழுக்காடு அரகோனைட். ஆனால் மிச்சமிருக்கும் கொஞ்சம் கரிமப் பொருள்தான் விரிசலை நேராக ஓடவிடாமல் வளைத்து வளைத்து இழுத்தடிக்கிறது. வெறும் அரகோனைட்டுக்கு இந்த உறுதி வராது.

மெல்லிய தகடுகளை அடுக்கிய இந்த அமைப்புக்கு 'ஏடு' நன்றாகவே பொருந்துகிறது. பனையேடு, பாலேடு என்று நமக்குப் பழகிய சொல்தான். 'ஏடு' என்றால் நாளிதழ் என்ற ஐயம் 'முத்து' முன்னால் வந்ததும் தீர்ந்துவிடும். முத்துச்சிப்பி போன்ற இருவோட்டு உயிரிகளில் தகடுகள் செங்கல் வரிசையாகவும், அபலோன் என்ற கடல் நத்தையில் தூண்தூணாகவும் அடுக்கப்படும். இரண்டையும் முத்தேடு என்றே சொல்லலாம்.

அப்புறம், பெயரடையும் எளிதாக அமைகிறது: முத்தேட்டு ஓடு, முத்தேட்டுப் புரதம். கால்சைட் அடுக்குக்குப் 'பட்டக அடுக்கு' போதும். ஒற்றைத் தகட்டுக்கு மட்டும் 'முத்தேட்டுத் தகடு' நீளமாக இருக்கிறது. உயிரியல் பாடம் எடுப்பவர்கள் இதற்குச் சுருக்கமாக ஒன்று சொல்லுங்களேன்.